“போய் வருகிறேன்” என்கிறாள் அவள்!

நள்ளிரவு கழிந்து மணி இரண்டு. திருவனந்தபுரம் விமான நிலையத்தின் வாசல். மார்த்தாண்டத்திலிருந்தும், கருங்கலிலிருந்தும், குலசேகரத்திலிருந்தும் வாடகைக் கார்கள் வந்து வரிசையாய் நிற்கின்றன. ஒரு காரிலிருந்து ஆறு பேர் இறங்குகிறார்கள். உள்ளே போகப் போகிறவள் ஒருத்திதான். வயது இருபத்தைந்து இருக்கும். அவளுடைய தந்தை ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. தாய், ஊர்மக்கள் ‘அண்டி ஆபீஸ்’ என்று சொல்லும் முந்திரி ஆலையில் கொட்டை உடைத்து உடைத்து, அந்த எண்ணெய் பட்டுக் கைவிரல் கறுத்துப் போனவள். பெட்டிக்குள் இரண்டு வெள்ளைச் சீருடை, ஊறுகாய்ப் பாட்டில், சான்றிதழ்க் கட்டு. நெஞ்சுக்குள் மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ கடன்.

“பத்திரமா இரு மக்களே!” என்கிறாள் தாய்.

“போய் வருகிறேன் அம்மா” என்கிறாள் மகள்.

எந்த இரவு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பெண் மாறியிருப்பாள், ஊர் மாறியிருக்கும். காட்சி மட்டும் மாறாது. சென்னை மீனம்பாக்கத்திலும் காணலாம், கொச்சியிலும் காணலாம்.

தமிழர் வீட்டில் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் படி இறங்குவதில்லை. ‘போய் வருகிறேன்’ என்றுதான் சொல்வார்கள். போவது அவள் கையில் இருக்கிறது. வருவது யார் கையில் இருக்கிறது? கடன் கொடுத்தவன் கையிலா, ஏஜெண்டின் கையிலா, கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டிவைக்கும் முதலாளியின் கையிலா? அல்லது அவளைப் பெற்ற நாட்டின் கையிலா? இதுதான் நாம் கேட்க விரும்பும் கேள்வி.

இழிவென்றவர்களே இன்று...

முதலில், இந்தத் தொழிலின் பழைய கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக் கொள்ளுவோம்.

குமரி மாவட்டத்து நெய்யூரில் 1838-ல் மிஷன் வைத்தியப் பணி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் திறந்தார். அதே வேலூரில் 1946-ல் நர்ஸ் தொழிலுக்குப் பட்டப்படிப்பே வந்துவிட்டது. ஆனால் அந்த நாளில் அந்தப் பள்ளிக்குப் பெண்ணை அனுப்பியவர்கள் யார்? மேட்டுக்குடியினரா? இல்லை. அயலான் உடம்பைத் தொடுவது தீட்டு, அடுத்தவர் புண்ணைக் கழுவுவது இழிவு, இரவில் வெளியே தங்கும் பெண் குடும்பப் பெண்ணே அல்ல என்று பேசிய சமூகம் இது. அந்தப் பேச்சைப் பொருட்படுத்தாமல் மகளை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், ஒடுக்கப்பட்டோர், கிறிஸ்தவ மதத்துக்கு மாறியதனால் மட்டும் ஏழ்மை நீங்காதவர்கள்.

எழுபதுகளில் அரபு நாடுகளில் எண்ணெய்ப் பணம் பெருகிற்று. பாலைவனத்தில் மாளிகை மாளிகையாய் ஆஸ்பத்திரிகள் எழுந்தன. கட்டடம் கட்டப் பணம் போதும். காய்ச்சலில் கிடப்பவன் நெற்றியில் கைவைத்துப் பார்க்கப் படித்த பெண் வேண்டுமே! கேரளத்துப் பெண்கள் போனார்கள். குமரிப் பெண்களும் போனார்கள். ஓலைக்குடிசை ஓட்டு வீடாயிற்று, ஓட்டு வீடு காரை வீடாயிற்று. தம்பி என்ஜினீயரானான், தங்கைக்குக் கல்யாணம் நடந்தது.

அதன் பிறகுதான் வந்தது வேடிக்கை! ‘நர்ஸா, வேண்டாமப்பா’ என்று முகம் சுளித்த அதே மனிதர்கள், ‘பெண் சவுதியிலா, லண்டனிலா?’ என்று தரகரிடம் கேட்கத் தொடங்கினார்கள். தொழிலின் மேல் மரியாதை பிறந்துவிட்டதாக எண்ணி யாரும் ஏமாற வேண்டாம். மரியாதை ரியாலுக்கு, மரியாதை பவுனுக்கு. அவள் அங்கே எத்தனை மணி நேரம் நிற்கிறாள், எங்கே தூங்குகிறாள், எத்தனை வருஷமாகத் தன் குழந்தையின் முகத்தைத் தொலைபேசித் திரையில் மட்டும் பார்க்கிறாள் என்று எந்தத் தரகரும் விசாரித்ததில்லை.

ஏன் போகிறாள்?

‘பணத்தாசை பிடித்துப் போகிறாள்’ என்று சொல்லும் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்குள்ள நர்ஸிடம் மெதுவாகச் சம்பளம் கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்த ஆஸ்பத்திரி ஒரு நாள் அறைக்கு என்ன வாடகை வாங்குகிறது என்றும் கேளுங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாருக்குப் பணத்தாசை என்பது விளங்கிவிடும்.

நாம் சொல்வது மிகையல்ல. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடர்ந்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டே 2016 ஜனவரியில் தலையிட்டது. தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களின் சம்பளத்தை ஆராய நிபுணர் கமிட்டி அமைக்கச் சொல்லிற்று. கமிட்டியும் அமைந்தது, சிபாரிசும் வந்தது. என்ன சிபாரிசு? இருநூறு படுக்கைக்கு மேலுள்ள ஆஸ்பத்திரி, மாநில சர்க்கார் நர்ஸுக்குத் தரும் சம்பளத்தையே தர வேண்டும். நூறு முதல் இருநூறு படுக்கை என்றால், அதில் பத்து சதவிகிதம் குறையலாம். ஐம்பது முதல் நூறு என்றால் இருபத்தைந்து சதவிகிதம் குறையலாம். ஐம்பதுக்கும் கீழே இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியானாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது.

கேரளத்து நர்ஸ்கள் இந்தச் சிபாரிசைக் கையில் ஏந்திக்கொண்டு 2017-ல் போராட்டத்தில் இறங்கினார்கள். 2018-ல் அந்த மாநிலத்தில் புதிய குறைந்தபட்சச் சம்பள அறிவிப்பு வந்தது. போராடியவர்களுக்குக் கிடைத்தது. போராடச் சங்கம் இல்லாத இடங்களில் சிபாரிசு வெறும் காகிதமாகவே கிடக்கிறது.

சம்பளம் மட்டுமா? ‘பாண்டு’ என்றொரு விலங்கு உண்டு. வேலைக்குச் சேரும் பெண்ணிடம் மூலச் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் பூட்டிக்கொள்வது; இத்தனை ஆண்டுக்குள் விலகினால் இத்தனை ஆயிரம் கட்டு என்று எழுதி வாங்குவது. 2011-லும் 2012-லும் மும்பையிலும் டில்லியிலும் கேரளத்திலும் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் அலை அலையாய் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்களுடைய முதல் கோரிக்கைகளில் ஒன்று ‘எங்கள் சான்றிதழை எங்களிடம் கொடு’ என்பது! சுதந்திரம் அடைந்து அறுபது ஆண்டுக்கு மேலான பிறகு, படித்த பெண் தன் படிப்புச் சான்றைக் கேட்டுத் தெருவில் நிற்க வேண்டியிருந்தது.

சரி, தனியார் முதலாளி லாபத்துக்காக நடத்துகிறான். சர்க்கார் எப்படி நடத்திற்று? தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-ல் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து நிரந்தரம் என்ற நம்பிக்கையில் அவர்கள் உழைத்தார்கள். இரண்டு ஆண்டும் கழிந்தது, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில், கைக்குழந்தையோடு வந்தவர்கள்கூட இரவும் பகலும் உட்கார்ந்து போராடினார்கள். பிற்பாடு அந்தத் தொகை 14,000 ஆயிற்று, பின்னர் 18,000 ஆயிற்று. கொடுத்ததை மறைக்கவில்லை. கேட்டுக் கேட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து பெற வேண்டியிருந்தது என்பதையும் மறைக்க முடியாது.

கொரோனா வந்தது. 2020-ல் அவசரம் அவசரமாக நர்ஸ்களை அழைத்தார்கள். கைதட்டினார்கள், விளக்கேற்றினார்கள், வானத்திலிருந்து பூக்கூடத் தூவினார்கள். தமிழ்நாட்டில் அப்படிச் சேர்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வேலை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது என்று உத்தரவு வந்தது. புத்தாண்டு பிறந்த நாளில் அவர்கள் தெருவில் நின்றார்கள். மாற்று வேலை பற்றிச் சர்க்கார் பேசிற்று. ஆனால் பூத்தூவிய வானமும் அதே வானம்தான், அவர்கள் போராடிய இடத்தில் வெயிலாய்க் காய்ந்ததும் அதே வானம்தான்.

இத்தனையும் பார்த்த பெண் விமானம் ஏறாமல் வேறு என்ன செய்வாள்? அவளை வெளிநாடு இழுக்கிறது என்கிறார்கள். நாம் சொல்கிறோம்: முதலில் அவளைத் தள்ளியது உள்நாடு!

இரண்டு சுன்னங்கள்

தள்ளப்பட்டவள் வாசலுக்கு வருகிறாள். வாசலில் ஏஜெண்டு நிற்கிறான்.

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜெண்டு ஒருவரிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. இன்றைய விதிப்படி அது 30,000 ரூபாய், அதன்மேல் வரி. அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். ஆனால் நடைமுறை என்ன? 2015-ல் குவைத்துக்கு நர்ஸ்களை அனுப்பிய ஒரு நிறுவனத்தின் மேல் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. சட்டப்படி 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில், தலைக்குப் பத்தொன்பதரை லட்சம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. கணக்கைப் பாருங்கள்: 19,500, 19,50,000. வித்தியாசம் என்ன? வலப்பக்கத்தில் இரண்டு சுன்னங்கள்! அந்த இரண்டு சுன்னத்துக்காக எத்தனை வீட்டுப் பத்திரம் வட்டிக்கடைக்குப் போயிருக்கும்! எத்தனை தாலிக்கொடி அடகுக்கடையில் தொங்கியிருக்கும்!

அந்தக் கொள்ளை நாறிய பிறகுதான் மத்திய சர்க்கார் விழித்தது. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பதினெட்டு நாடுகளுக்கு நர்ஸ்கள் போவதானால் அந்த அனுமதி கட்டாயம் என்றும், ஆள் எடுப்பது சர்க்கார் நிறுவனங்கள் வழியாக நடக்க வேண்டும் என்றும் 2015-ல் உத்தரவு வந்தது. கேரளத்தில் ‘நோர்க்கா ரூட்ஸ்’ இருக்கிறது. நம் தமிழ்நாட்டிலும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்தே இருக்கிறது. நம் தோழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஏஜெண்டின் விளம்பரம் பஸ்ஸின் முதுகில் ஊர் ஊராய்ப் போகிறது. சர்க்கார் நிறுவனத்தின் விளம்பரம் ஒரு நர்ஸிங் கல்லூரிச் சுவரிலாவது ஒட்டியிருக்க வேண்டாமா?

வெளிநாட்டு வேலை என்றாலே லட்சக்கணக்கில் செலவாகத்தான் செய்யும் என்பார்கள் சிலர். பொய்! ஜெர்மனி 2013-லிருந்து ‘ட்ரிபிள் வின்’ என்ற பெயரில் ஒரு திட்டத்தை நடத்துகிறது. மூவருக்கும் வெற்றி என்று பொருள். கேரளத்து நோர்க்கா 2021 டிசம்பரில் அதில் சேர்ந்தது. இதில் நர்ஸிடம் ஆள் எடுக்கும் கட்டணமே கிடையாது. ஜெர்மன் மொழிப் பயிற்சியின் செலவையும் ஆள் தேவைப்படுகிறவன் பக்கமே ஏற்கிறது. ஆக, ஒரு ரூபாயும் வாங்காமல் அனுப்ப முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கலாகாது என்பதுதான் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 1997-ஆம் ஆண்டு 181-வது உடன்படிக்கையின் அடிப்படை விதி. இந்தியா அதை இன்றுவரை ஏற்று உறுதி செய்யவில்லை. ஏன் செய்யவில்லை? யாருடைய வருமானம் போய்விடும் என்ற கவலை?

போன இடத்தில்

எப்படியோ போய்ச் சேர்ந்தாள். பலர் நல்ல இடத்தில் சேர்கிறார்கள். மதிப்பான வேலை, ஒழுங்கான சம்பளம், கற்றுக்கொள்ள வாய்ப்பு எல்லாம் பெறுகிறார்கள். அதை நாம் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சட்டமும் சங்கமும் அதிர்ஷ்டசாலிகளுக்காக ஏற்பட்டவை அல்ல. அகப்பட்டுக் கொண்டவர்களுக்காக ஏற்பட்டவை.

2014 ஜூன், ஜூலை மாதங்களை நினைத்துப் பாருங்கள். ஈராக்கில் திக்ரித் நகரம் ஆயுதக் கும்பலின் கையில் விழுந்தது. அங்கே ஆஸ்பத்திரிக்குள் நாற்பத்தாறு இந்திய நர்ஸ்கள், பெரும்பாலோர் கேரளத்துப் பெண்கள், அகப்பட்டுக் கொண்டார்கள். வெளியே குண்டு வெடிக்கிறது. அந்த நிலையிலும் ஊர் திரும்பலாமா வேண்டாமா என்று தயங்கியவர்கள் அவர்களில் இருந்தார்கள். ஏன்? சம்பளம் பாக்கி, ஊரில் கடன் பாக்கி! குண்டைவிடக் கடன் பயங்கரமாய்த் தெரிந்தது. பின்னர் மோசூலுக்குக் கொண்டு போகப்பட்டு, விடுவிக்கப்பட்டு, ஜூலை 5-ஆம் தேதி கொச்சியில் வந்து இறங்கினார்கள். நாடே ஆனந்தக் கண்ணீர் வடித்தது. கண்ணீர் காய்ந்த பிறகு, அவர்களுடைய கடனுக்கு என்ன வழி என்று நினைத்தவர்கள் எத்தனை பேர்?

போர் இல்லாத நாட்டிலும் ‘கஃபாலா’ என்ற முறை உண்டு. வேலை கொடுத்தவனே அவள் தங்கியிருப்பதற்குப் பிணையாளன். அவன் சம்மதம் இல்லாமல் வேறு வேலைக்கு மாற முடியாது. சில நாடுகளில் ஊர் திரும்பவும் அவன் கையெழுத்து வேண்டியிருந்தது. கத்தார் 2020-லும் சவுதி அரேபியா 2021-லும் இந்தக் கட்டைத் தளர்த்தின. ஆனால் சட்டம் தளர்ந்தாலும் கடவுச்சீட்டைப் பூட்டி வைக்கும் வழக்கம் எல்லா இடத்திலும் தளர்ந்துவிடவில்லை. அங்கே நர்ஸ்கள் சங்கம் அமைத்துப் போராடுவதோ நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

இங்கிலாந்தின் கதை வேறு. அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய ஆங்கிலத் தேர்வு, எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு மூன்றையும் தாண்ட வேண்டும். தாண்ட முடியாதவர்களைப் பார்த்து ஏஜெண்டு சொன்னான்: ‘முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போ, பிறகு நர்ஸாகிவிடலாம்.’ அந்த விசா 2022 தொடக்கத்தில் திறந்தது. படித்த நர்ஸ்கள் பலர் உதவியாளாய்ப் போனார்கள். சிலர் இறங்கிய இடத்தில் சொன்ன வேலையே இல்லை. அழைத்த நிறுவனத்தின் உரிமத்தையே அந்நாட்டுச் சர்க்கார் பறித்ததும் உண்டு. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். வேண்டும்போது கதவைத் திறப்பதும், வேண்டாதபோது சாத்துவதும் அவர்கள் இஷ்டம். கதவிடுக்கில் அகப்படுவது நம் பெண்ணின் விரல்!

வாங்குகிறவன் கணக்கு

இது புதிய பழக்கமல்ல. மேற்கு ஜெர்மனி 1960-களில் ஆள் இல்லாமல் தவித்தது. கேரளத்திலிருந்து மாதா கோயில்கள் வழியாகப் பெண்கள் போனார்கள். தென்கொரியாவிலிருந்து 1966-க்கும் 1976-க்கும் இடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்கள் போனார்கள். பொருளாதாரம் மந்தமானதும், எழுபதுகளின் நடுவில், ‘உங்கள் வேலை முடிந்தது, ஊருக்குப் போங்கள்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். கொரியப் பெண்கள் என்ன செய்தார்கள்? அழுதுகொண்டு மூட்டை கட்டவில்லை. 1977-ல் துண்டறிக்கை அடித்துத் தெருத் தெருவாய்க் கையெழுத்து வாங்கினார்கள். நாங்கள் விற்பனைச் சரக்கல்ல, தேவைப்பட்டபோது வந்தோம், விரும்பும்போது போவோம் என்றார்கள். ஜெர்மன் தொழிலாளரும் பொதுமக்களும் ஆதரித்தார்கள். தங்கும் உரிமை கிடைத்தது. மொழி தெரியாத நாட்டில், ஒற்றுமை ஒன்றையே மொழியாகக் கொண்டு வென்ற அந்தச் சகோதரிகளின் கதை நம் பெண்களுக்குத் தெரிய வேண்டும்.

இன்றைய நிலை என்ன? உலக சுகாதார ஸ்தாபனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023-ல் உலகத்தில் இருந்த நர்ஸ்கள் 2 கோடியே 98 லட்சம். இன்னும் தேவைப்பட்டவர்கள் 58 லட்சம். உலகத்து நர்ஸ்களில் ஏழில் ஒருவர் தான் பிறந்த நாட்டில் அல்லாமல் வேறு நாட்டில் வேலை செய்கிறார். பணக்கார நாடுகளிலோ நூற்றுக்கு இருபத்து மூன்று பேர் அப்படிப்பட்டவர்கள்.

இதன் பொருள் என்ன? ஒரு நர்ஸை உருவாக்க நான்கு ஆண்டு படிப்பு வேண்டும். அந்தச் செலவை ரப்பர் பால் வெட்டுகிறவரும் முந்திரி உடைக்கிறவளும் செய்கிறார்கள். சர்க்கார் கல்லூரியானால் நம் வரிப்பணம் செய்கிறது. படித்து முடித்த கையோடு, பயிற்சிக்கு ஒரு காசும் செலவழிக்காத பணக்கார நாடு அவளை எடுத்துக்கொள்கிறது. ஏழை வீட்டிலிருந்து பணக்காரன் வீட்டுக்குப் போகும் மானியம் இது. இதை யாரும் மானியம் என்று சொல்வதில்லை. ‘வாய்ப்பு’ என்று சொல்கிறார்கள்!

உலக சுகாதார ஸ்தாபனம் 2010-ல் நடத்தை நெறி ஒன்றை வகுத்தது. ஏழை நாடுகளின் ஆஸ்பத்திரிகளைக் காலி செய்துவிட்டு ஆள் எடுக்காதீர்கள் என்பது அதன் சாரம். 2023-ல் பாதுகாப்பு வேண்டிய ஐம்பத்தைந்து நாடுகளின் பட்டியலும் வெளியிட்டது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே இங்கே ஆள் எடுக்க அந்தத் தடை இல்லை. ஆள் எடுக்கட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் நிபந்தனை இல்லாமல் எடுக்கலாமா?

போகாதே என்பாரும், போனால் போதும் என்பாரும்

இரண்டு வகையான அறிவுரைகள் இந்த நாட்டில் உலவுகின்றன. ஒன்று, ‘நாட்டுக்குச் சேவை செய்யாமல் ஓடலாமா?’ என்பது. இப்படிக் கேட்பவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருப்பார்கள். என்ஜினீயர் போனால் மூளை. டாக்டர் போனால் பெருமை. நர்ஸ் போனால் மட்டும் துரோகமா? சேவை என்ற சொல்லைச் சம்பளம் கொடுக்காமல் இருப்பதற்கான சாக்காக மாற்றியவர்களிடமிருந்து தேசபக்திப் பாடம் கேட்கும் நிலையில் அவள் இல்லை.

மற்றது, ‘போனால் போதும், அன்னியச் செலாவணி வரும்’ என்பது. இது இன்னும் ஆபத்தானது. பெண்ணை ஏற்றுமதிச் சரக்காகப் பார்க்கும் கண் இது. அனுப்பியவளின் பணம் வேண்டும். அனுப்பப்பட்டவள் அழுதால் தூதரகத்துத் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

இரண்டையும் நாம் மறுக்கிறோம். நாம் கேட்பது மூன்று உரிமைகள்.

முதலாவது, *இருக்கும் உரிமை*. ஊரிலேயே இருக்க விரும்பும் நர்ஸ், மானத்தோடு இருக்க முடிய வேண்டும். 2016-ல் பிறந்த சிபாரிசைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு தனியார் ஆஸ்பத்திரியிலும் சட்டபூர்வமான சம்பளமாக ஆக்க வேண்டும். சான்றிதழைப் பூட்டி வைப்பது தண்டனைக்குரிய குற்றமாக நடத்தப்பட வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒப்பந்தம் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். நிரந்தரமான வேலைக்கு நிரந்தரமான ஆள், அவ்வளவுதான்.

இரண்டாவது, *போகும் உரிமை*. கடன்படாமல் போகும் உரிமை. அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வர வேண்டும். ஒவ்வொரு நர்ஸிங் கல்லூரிக்குள்ளும் போக வேண்டும். மொழிப் பயிற்சியைச் சர்க்காரே தர வேண்டும். செலவை ஆள் எடுக்கும் நாட்டிடம் வாங்க வேண்டும், பெண்ணிடம் அல்ல. ஒப்பந்தம் அவளுக்குப் புரியும் மொழியில், விமானம் ஏறுமுன் அவள் கையில் இருக்க வேண்டும். அயல்நாட்டோடு செய்யும் ஒவ்வோர் உடன்பாட்டிலும், இங்கே ஒரு கல்லூரிக்கோ ஒரு பயிற்சிக் கூடத்துக்கோ அந்த நாடு பங்கு தர வேண்டும் என்று எழுத வேண்டும். பழம் பறிக்கிறவன் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றட்டும்!

மூன்றாவது, எல்லாரும் மறந்துவிடும் உரிமை: *திரும்பும் உரிமை*. வளைகுடாவில் இருபது ஆண்டு உழைத்தாலும் அயல்நாட்டாருக்கு அங்கே ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை மட்டும்தான். ஐம்பது வயதில் முழங்கால் தேய்ந்து ஊர் திரும்புகிறவளுக்கு என்ன காத்திருக்கிறது? கட்டிய வீடும், வளர்ந்து தூரமாய்ப் போன பிள்ளைகளும், ‘இன்னும் ரெண்டு வருஷம் இருந்துவிட்டு வந்திருக்கலாமே’ என்னும் உறவினரும்! தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அறுவைக் கூடத்திலும் அவள் கற்றுவந்த கை இருக்கிறதே, அது நம் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு எத்தனை பெரிய சொத்து! அவளுடைய அயல்நாட்டு அனுபவத்தை இங்கே வேலைக்கும் ஊதியத்துக்கும் கணக்கில் எடுக்க வேண்டும். வயது வரம்பைத் தளர்த்த வேண்டும். திரும்பியவர்களுக்கென்று ஓய்வூதியத் திட்டம் வேண்டும்.

இவை பெரிய புரட்சிகள் அல்ல. கேரளத்துப் பெண்கள் வேலைநிறுத்தத்தில் வாங்கியதும், கொரியப் பெண்கள் கையெழுத்து இயக்கத்தில் வாங்கியதும், ஜெர்மனியின் திட்டம் நடத்திக் காட்டியதும்தான். ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் முடிந்த காரியம். எல்லாம் ஓரிடத்தில் முடிய வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

தோழர்களே, உங்கள் தெருவிலும் ஒரு நர்ஸ் இருப்பாள். வெளிநாடு போக ஏஜெண்டைத் தேடிக்கொண்டிருப்பாள். அல்லது ஒப்பந்த வேலையில் ஆறாவது ஆண்டை எண்ணிக்கொண்டிருப்பாள். அல்லது திரும்பி வந்து சும்மா உட்கார்ந்திருப்பாள். அவள் வீட்டுக்குப் போங்கள். சங்கம் இருக்கிறது என்று சொல்லுங்கள். முப்பதாயிரத்துக்கு மேல் கேட்பவன் குற்றவாளி என்று சொல்லுங்கள். சான்றிதழைப் பிறர் கையில் கொடுக்காதே என்று சொல்லுங்கள்.

இன்றைக்கும் இரவு இரண்டு மணிக்கு அந்த வாசலில் கார்கள் வந்து நிற்கும். முந்திரி ஆலைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஒரு தாய் வந்திருப்பாள். மகள் ‘போய் வருகிறேன்’ என்பாள். அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியவள் அவள் ஒருத்தி மட்டும் அல்ல. நாமும்தான்!